எழுதாத வரியைத் தேடும் தேர்வு

ஒரு நகராட்சியில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டம் தொடங்கி ஓராண்டு ஆகிறது. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ள அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டில் இருந்ததில் பாதியாகிவிட்டது. ‘ஆகவே, திட்டத்தால் ஊரில் நாய்க்கடி குறைந்திருக்கிறது’ என்கிறார் ஆணையர். அவர் வாதம் நிற்க வேண்டுமானால் கீழே உள்ளவற்றுள் எது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்?

அ) கருத்தடை செய்த நாய் எதுவும் யாரையும் கடிப்பதில்லை.
ஆ) ஊரில் தெருநாய்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது.
இ) கடிபட்டவர்கள் பெருமளவில் தனியார் மருத்துவமனைகளுக்கு மாறிவிடவில்லை.
ஈ) நாய்க்கடியைக் குறைப்பதுதான் திட்டத்தின் முதன்மை நோக்கம்.

வினா என் சொந்தத் தயாரிப்பு. வார்ப்பு மட்டும் பழையது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர 1948 முதல் நடந்துவரும் எல்சாட் தேர்வு, மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், நம் ஊரில் சட்டப் படிப்புக்கான கிளாட், குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட், வங்கித் தேர்வுகள் என எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த வினா தலைகாட்டும். வாதத்தின் ஆதாரத்தையும் முடிவையும் கொடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே வாதிப்பவர் வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஒன்றைத் தேர்வு எழுதுபவர் கண்டுபிடிக்க வேண்டும். அதை எடுகோள் என்போம்.

விடை இ. அதை எட்ட நல்ல வழி, ஒவ்வொரு தெரிவையும் மறுத்துப் பார்ப்பது. அ-வை மறுத்தால், கருத்தடை செய்த நாய்களிலும் ஒன்றிரண்டு கடிக்கும் என்று ஆகிறது. கடிக்கட்டும்; மொத்தக் கடி குறைந்தது என்பதற்கு அதனால் பங்கம் இல்லை. ஈ-யை மறுத்தால், திட்டத்தின் முதன்மை நோக்கம் ரேபிஸ் ஒழிப்பாகவோ வேறெதுவாகவோ இருந்திருக்கும். நோக்கம் எதுவானாலும் விளைவு விளைவுதான். இ-யை மறுத்துப் பாருங்கள். கடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாகத் தனியாருக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்ததை வைத்து ஊரில் கடி குறைந்தது என்று ஒரு சொல் பேச முடியாது. வாதம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

இதைக் கேட்டதும் ஒருவர் குறுக்கிடுவார்: ‘அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். அதை விட்டுவிட்டுப் பணம் கட்டி யார் தனியாருக்குப் போவார்கள்? சொல்ல வேண்டியதே இல்லாத சங்கதி அது.’ சொல்ல வேண்டியதே இல்லை என்று தோன்றுவதால்தான் ஆணையரும் சொல்லவில்லை. எடுகோள் பொய்யாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. உலகமே ஒப்புக்கொள்ளும் செய்தியும் எடுகோளாக இருக்கலாம். அது உண்மையா என்று வினா கேட்கவில்லை. அது பொய்யானால் வாதம் பிழைக்குமா என்றுதான் கேட்கிறது. முதன்முறை எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள். தெரிவுகளில் எது ஐயத்துக்கு இடமானது என்று தேடுகிறார்கள்.

கொஞ்சம் பயிற்சி பெற்றவர்கள் விழும் குழி ஆ. நாய்கள் பாதியானால் கடியும் பாதியாகும், வாதம் பலமாகிவிடும் என்று அதைத் தேர்ந்தெடுப்பார்கள். பலமாகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது இல்லாமலும் வாதம் நிற்கும். நாய்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைந்திருக்கலாம். எண்ணிக்கை குறையாமலே, ஈன்ற நாய்கள் குட்டிகளைக் காக்கப் பாய்வது நின்றதால் கடி குறைந்திருக்கலாம். வாதத்துக்கு உதவும் செய்தி வேறு, எது இல்லாமல் வாதம் வாழ முடியாதோ அந்தச் செய்தி வேறு. முன்னது எத்தனை வேண்டுமானாலும் இருக்கும். தேர்வு கேட்பது பின்னதை.

எல்சாட் இந்த வேறுபாட்டில் மிகவும் கறாரானது. ‘வாதம் எந்த எடுகோளைச் சார்ந்திருக்கிறது’ என்பது ஒரு வகை வினா. ‘எதை எடுத்துக்கொண்டால் முடிவு தர்க்கப்படி வந்தே தீரும்’ என்பது இன்னொரு வகை. முதலாவதற்குத் தேவையானது வேண்டும், இரண்டாவதற்குப் போதுமானது வேண்டும். ஒன்றின் விடையை மற்றதற்கு எழுதினால் மதிப்பெண் போய்விடும். 35 நிமிடப் பிரிவில் சுமார் 25 வினாக்கள் என்பதால், எந்த வகை என்று நிதானிக்கக்கூட நேரம் குறைவு. 2024 ஆகஸ்டில் அந்தத் தேர்வு, பெயர்பெற்ற தன் ‘லாஜிக் கேம்ஸ்’ பிரிவைக் கைவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு வாதத் தர்க்கப் பிரிவை வைத்தது. இப்போது மதிப்பெண்ணுக்குரிய மூன்று பிரிவுகளில் இரண்டு இந்த வகைதான்.

நம் சிசாட்டில் அந்தக் கறார் இல்லை என்பது என் குறை. 2011-ல் வந்த இந்தத் தாள், 2015 முதல் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாகிவிட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒரு பத்தியைக் கொடுத்து, ‘இதன் அடிப்படையில் பின்வரும் எடுகோள்கள் கொள்ளப்பட்டுள்ளன, எவை செல்லும்?’ என்று கேட்பார்கள். பத்தியில் வாதமே இல்லாமல் வெறும் செய்தி மட்டும் இருக்கும் வேளைகளில், எடுகோளைக் கேட்கிறார்களா, பத்தியிலிருந்து பெறக்கூடிய முடிவைக் கேட்கிறார்களா என்பது பயிற்சி வகுப்பு ஆசிரியர்களுக்கே விவாதம். ஒன்று வாதத்துக்கு அடியில் கிடப்பது, மற்றது மேலே எழுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழிக்கிறார்கள். வங்கித் தேர்வுகளின் வினா இன்னும் தளர்ந்தது. ‘எங்கள் சோப்பை வாங்குங்கள்’ என்று விளம்பரம் வந்தால், விளம்பரத்தை மக்கள் படிப்பார்கள் என்பது உள்ளுறை எடுகோள். அங்கே வாதம் என்று ஒன்று இல்லை, ஒரு செயல் இருக்கிறது. அச்செயலைச் செய்பவரின் மனத்தில் இருப்பதைக் கேட்கிறார்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் என்னிஸ் 1982-ல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டையும் பிரித்தார்: வாதிப்பவர் உண்மையில் கைக்கொண்ட எடுகோள் ஒன்று, அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் வாதத்துக்குத் தேவைப்படும் எடுகோள் இன்னொன்று. ஆணையர் தனியார் மருத்துவமனைகளைப் பற்றி யோசிக்காமலே இருந்திருக்கலாம். ஆனாலும் கடிபட்டவர்கள் அங்கே மாறிவிடவில்லை என்ற எடுகோள் அவர் வாதத்துக்குத் தேவைப்படுகிறது.

இந்தப் பிரச்சினையை இந்தியத் தருக்கவாதிகள் வேறொரு வாசல் வழியாகத் தொட்டிருக்கிறார்கள். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல என்று ஐந்து உறுப்புகளாக நீளும் வாதம் அங்கே வருகிறது. ‘அடுக்களையைப் போல’ என்ற உறுப்பு வெறும் அலங்காரம் இல்லை. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற பொது விதியை அது வாதிப்பவரின் வாயிலிருந்தே வரவழைக்கிறது. நம் தேர்வுத்தாள்கள் மறைத்து வைப்பதை, ஐந்துறுப்பு வாதம் மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்கிறது.

அந்த வாதத்தைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம். ‘அங்கே நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும்.’ கேட்க இதுவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்லன் உலையிலிருந்து எடுத்த, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை எழ நெருப்போடு ஈர விறகும் சேர வேண்டும். வாதிப்பவர் சொல்லாமல் விட்ட அந்த ஈர விறகுக்கு நியாய நூல்கள் உபாதி என்று பெயரிட்டன. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய ‘தர்க்கசங்கிரகம்’ இதே எடுத்துக்காட்டைத்தான் தருகிறது. மறுத்துப் பார்க்கும் சோதனையை இதன்மேல் வைத்துப் பாருங்கள்: விறகு ஈரமில்லை என்றால் புகை வரும் என்ற முடிவுக்கு ஆதாரம் இல்லை. தேவையான எடுகோள் அகப்பட்டுவிட்டது.

ஈர விறகு, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புகிறது. தனியார் மருத்துவமனை அப்படி எதையும் நிரப்பவில்லை. வாதத்தைக் கவிழ்க்க வரும் வேறொரு விளக்கத்தை வாசலில் தடுத்து நிறுத்துகிறது. எடுகோள்கள் பெரும்பாலும் இந்த இரு சாதிதான். இணைக்கும் எடுகோளைக் கண்டுபிடிப்பது எளிது. ஆதாரத்தில் இல்லாமல் முடிவில் திடீரென்று முளைக்கும் சொல்லைக் கவனித்தால் போதும். ஆதாரம் ‘மருத்துவமனைக்கு வந்தவர்’ என்கிறது, முடிவு ‘கடி’ என்கிறது. விரிசல் அங்கே இருக்கிறது. காக்கும் எடுகோளை முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஒரு விளைவுக்கு நூறு மாற்றுக் காரணங்கள் இருக்கலாம். வினா தயாரிப்பவர் அவற்றில் ஒன்றை எடுத்து ‘அது இல்லை’ என்று தெரிவில் வைப்பார். படிப்பவருக்கு அது சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்து விழுந்ததுபோல் இருக்கும். அதனாலேயே அதை முதல் பார்வையில் அடித்துவிடுகிறார்கள்.

மறுத்துப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மறுப்பு என்றால் நேர் எதிர்த் துருவம் இல்லை. ‘எல்லா ஆசிரியர்களும் வருகிறார்கள்’ என்பதன் மறுப்பு, ‘ஒருவரும் வருவதில்லை’ என்பது அன்று. ‘ஒருவராவது வருவதில்லை’ என்பதே. ‘சிலர் வருகிறார்கள்’ என்பதைத்தான் ‘ஒருவரும் வருவதில்லை’ என்று மறுக்க வேண்டும். ‘பெரும்பாலோர்’ என்றால், ‘பாதி அல்லது அதற்கும் குறைவு.’ தமிழில் யோசிப்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ‘எல்லாரும் வரவில்லை’ என்று நாம் சொன்னால் ஒருவரும் வரவில்லை என்றும் ஆகும், சிலர் மட்டும் வந்தார்கள் என்றும் ஆகும். பேச்சில் குரலே பொருளைக் காட்டிவிடும், தேர்வுத்தாளுக்குக் குரல் இல்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. ‘எதுவுமே’, ‘ஒருபோதும்’, ‘மட்டும்தான்’ என்று முழங்கும் தெரிவுகளை மறுத்தால் வருவது மிக மெலிந்த ஒரு வாக்கியம்: ஏதோ ஒன்று, எப்போதோ ஒருமுறை. அந்த மெலிந்த மறுப்பைத் தாங்கிக்கொள்ள முடியாத வாதம் அபூர்வம். ஆகவே முழங்கும் தெரிவு பெரும்பாலும் தேவையான எடுகோளாக இருப்பதில்லை. அடக்கமாக, ‘பெருமளவில் மாறிவிடவில்லை’ என்று பேசுவதை மறுத்தால்தான் பலத்த அடி விழும். இது விதி அல்ல. முடிவே ‘ஒருபோதும்’ என்று முழங்கினால் எடுகோளும் முழங்கித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் தவறுவது ஏன்? முடிவு நமக்குப் பிடித்துவிட்டால் இடைவெளி கண்ணில் படுவதில்லை. 1983-ல் ஜொனாதன் எவான்ஸும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட பரிசோதனை உளவியலில் பெயர்பெற்றது. தர்க்கப்படி செல்லும் வாதங்களையும் செல்லாத வாதங்களையும் கொடுத்து, முடிவு ஆதாரத்திலிருந்து வந்தே தீருமா என்று கேட்டார்கள். செல்லாத வாதத்தின் முடிவு நம்பும்படி இருந்தபோது 71 விழுக்காடு ‘செல்லும்’ என்ற பதில் வந்தது. அதே செல்லாத வடிவத்தில் முடிவை மட்டும் நம்ப முடியாததாக மாற்றியபோது அது 10 விழுக்காடாக விழுந்தது. செல்லும் வாதங்களில் இந்த வேறுபாடு அவ்வளவு பெரிதாக இல்லை: 89-ம் 56-ம். முடிவு உறுத்தினால்தான் நாம் வாதத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். உறுத்தாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நல்ல வினாத்தாள் தயாரிப்பவர்கள், யாரும் ஒப்புக்கொள்ளும் முடிவை ஓட்டை வாதத்தின் தலையில் வைப்பது இதனால்தான்.

தேர்வறைக்கு வெளியே இந்தக் கலை எவ்வளவு கடினம் என்பதற்கு, அறிவியல் வரலாற்றில் எனக்குத் தெரிந்து கெல்வினின் பூமியைவிடச் சிறந்த சாட்சி இல்லை. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், 1862-ல் பூமியின் வயதைக் கணக்கிட்டார். சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு கூடுகிறது. அப்படியென்றால் பூமி உள்ளிருந்து வெளியே வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. உருகிய நிலையில் தொடங்கிய ஒரு கோளம், மேற்பரப்பின் அருகே இன்று காணும் அளவுக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும்? ஃபூரியேயின் வெப்பக் கடத்தல் கணிதத்தை வைத்து அவருக்குக் கிடைத்த விடை 9.8 கோடி ஆண்டுகள். தரவுகளில் உள்ள ஐயத்துக்கு இடம்விட்டு, 2 கோடியிலிருந்து 40 கோடிக்குள் என்றார். 1897-ல் அதை 2 முதல் 4 கோடி என்று இன்னும் இறுக்கினார். மெதுவான பரிணாமத்துக்கு டார்வினுக்கும், பாறைப் படிவுகளுக்குப் புவியியலாளர்களுக்கும் வேண்டியிருந்த காலத்துக்கு இது கொஞ்சமும் போதாது. கணிதத்தில் பிழை காண யாராலும் முடியவில்லை. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்று இன்று நமக்குத் தெரியும்.

கெல்வின் சொல்லாமல் எடுத்துக்கொண்டது என்ன? பாடநூல்களில் வழக்கமாக வரும் விடை கதிரியக்கம். பூமிக்குள் புதிதாக வெப்பம் உண்டாவதில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். 1896-ல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். 1903-ல் பியர் க்யூரியும் லபோர்டும் ரேடியம் இடைவிடாமல் வெப்பம் உமிழ்வதை அளந்தார்கள். 1904-ல் ரதர்ஃபோர்டு, கெல்வின் அவையில் அமர்ந்திருக்க, அதை எடுத்துச் சொன்னார். கணக்கு கவிழ்ந்தது. கதை கச்சிதமாக இருக்கிறது. முடிவும் நமக்குப் பிடித்ததாக இருக்கிறது.

மறுத்துப் பார்ப்போம். ‘பூமிக்குள் எந்த வெப்ப ஊற்றும் இல்லை’ என்பது முழங்கும் வாக்கியம். அதன் மறுப்பு, ஏதோ கொஞ்சம் ஊற்று உண்டு என்பதுதான். எவ்வளவு என்று கேட்காமல் வாதம் விழுந்துவிட்டதாக அறிவிக்க முடியாது. கெல்வினின் மாதிரியில் வெப்பம் திடப் பாறை வழியே கடத்தலால் மட்டுமே நகர்கிறது. அது அவ்வளவு மெதுவானது. பத்துக் கோடி ஆண்டுகளில் குளிர்ச்சி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்கியிருக்கும். அதற்குக் கீழே கதிரியக்கம் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கினாலும் மேலே வந்து சேர வழியில்லை. மேல் 100 கிலோமீட்டரில் உண்டாகும் வெப்பத்தை மட்டும் கணக்கில் சேர்த்தால் கெல்வினின் விடை பெரிதாக அசைவதில்லை. கதிரியக்கத்தை அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் அவர் கணக்கு பெருமளவில் தாக்குப்பிடித்திருக்கும்.

வாதம் உண்மையில் தொங்கிக்கொண்டிருந்த வரியை 1895-லேயே ஒருவர் தொட்டுக்காட்டிவிட்டார். கதிரியக்கம் கண்டறியப்பட ஓராண்டு இருந்தது. ஜான் பெர்ரி என்ற அந்தப் பொறியாளர் இளமையில் கெல்வினிடம் உதவியாளராக இருந்தவர், பிறகு ஜப்பானில் பொறியியல் கற்பித்தவர். 1894-ல் சாலிஸ்பரி பிரபு பிரிட்டிஷ் அறிவியல் மாமன்றத் தலைமையுரையில் கெல்வினின் எண்ணைக் காட்டி இயற்கைத் தேர்வுக் கொள்கையைச் சாடியதுதான் பெர்ரியைக் கிளப்பிவிட்டது. கெல்வினின் கணிதத்தை அவர் தொடவே இல்லை. உயர்ந்த கணிதப் புலமை உள்ளவர் தப்புக் கணக்குப் போடமாட்டார், பிழை இருந்தால் அவர் கணக்குக்குள் கொண்டுவந்த நிபந்தனையில்தான் இருக்க வேண்டும் என்ற திசையில் யோசித்தார். பூமியின் உட்பகுதி மேலோட்டைவிட எளிதாக வெப்பத்தை நகர்த்தினால் என்ன ஆகும்? உள்ளே ஏதோ ஒருவகைத் திரவ அசைவு இருந்து, அடியிலிருந்து வெப்பத்தை ஏந்தி வந்து மேலோட்டின் அடியில் சேர்த்துக்கொண்டே இருந்தால்? அப்போது மேலோடு மெல்லியதாகவே நீடிக்கும், மேற்பரப்பின் அருகே இன்று காணும் வெப்பச் சரிவும் நெடுங்காலம் மாறாமல் இருக்கும். பூமியின் இளமைக்கு அடையாளமாகக் கெல்வின் படித்த அதே சரிவு, முதிய பூமியிலும் தென்படும். இந்த வழியில் வயது 200, 300 கோடி ஆண்டுகள் வரை போகலாம் என்று பெர்ரி கணித்துக்காட்டினார். உட்பகுதி ஒரே சீராக, கடத்தலால் மட்டுமே வெப்பத்தை இழக்கிறது என்ற எடுகோளை மறுத்த மாத்திரத்தில் 9.8 கோடி என்ற எண்ணுக்குக் காலூன்ற இடம் இல்லாமல் போயிற்று.

அவர் சொன்னதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே கதிரியக்கம் வந்து, எல்லாருக்கும் வசதியான விடையாகிவிட்டது. மேலோட்டுக்கு அடியில் உள்ள, திடப் பாறையான மூடகம் நெடுங்காலப் போக்கில் மெல்ல ஓடிச் சுழல்கிறது என்பதைப் புவியியலாளர்கள் பரவலாக ஏற்க, தட்டுப் புவியியல் வேரூன்றிய 1960-கள் வரை ஆயிற்று. அதற்குள் பெர்ரியின் கடிதங்கள் ‘நேச்சர்’ இதழின் பழைய தொகுதிகளுக்குள் போய்விட்டிருந்தன. ஃபிலிப் இங்கிலாந்து, பீட்டர் மோல்னார், ஃபிராங்க் ரிக்டர் ஆகிய மூவர் 2007-ல் அவற்றைத் தூசு தட்டி எடுத்து, கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அதன் பிறகும் பல பாடநூல்கள் கதிரியக்கத்துக்கே டிக் போட்டுக்கொண்டிருக்கின்றன.